களத்தில் விட்டுவந்த மூச்சு

தேரிமுக்கில் அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் எல்லாம் இப்போது தலைக்கு மை பூச ஆரம்பித்துவிட்டார்கள், ஆனாலும் டீக்கடையிலோ கல்யாண வீட்டுப் பந்தியிலோ இழவு வீட்டு பெஞ்சிலோ நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும், யாராவது ஒருத்தர் "மூச்சு களத்துல கெடந்த வருஷம்" என்று எடுத்துவிடுவார், அப்புறம் காப்பி ஆறினாலென்ன, பந்தி முடிந்தாலென்ன, பேச்சு அந்த மைதானத்தை விட்டு நகராது. என்ன காலம்யா அது! பனம்பலகை அடித்த கேலரியும், "பொதுமக்கள் களத்துக்குள்ள செருப்பு வீச வேண்டாம்னு அன்போட கேட்டுக்கிடுதோம்" என்று கெஞ்சுகிற மைக்செட்டும், சுக்குக்காப்பியும், அவித்த பனங்கிழங்கும், தேரி மணலைச் சலித்துப் போட்ட சிவப்புக் களமும், அதில் சம்பளத்துக்குக் கபடி ஆட ஜில்லா ஜில்லாவாக வந்து இறங்கிய ஆம்பிளைகளும். பொங்கல் கழிந்து தொடங்குகிற லீக் பங்குனி உத்திரம் வரை நடக்கும், அதுவரை ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகக்கூட ஆள் கிடைக்காது.

டீமுக்கு ஒரு முதலாளி. அரிசி ஆலைக்காரர், நகைக்கடைக்காரர், கருப்பட்டி மண்டிக்காரர், இவர்களுக்கெல்லாம் மேலே லீக் தலைவராக பஸ் முதலாளி கோயில்பிச்சை அண்ணாச்சி. லீக் தொடங்குகிற அன்று முதலாளிமார் நடுக்கோட்டில் நின்று, கொதிக்கக் கொதிக்க இறக்கிய சோற்றுப் பானைக்குள் கையை விட்டு, "ஆட்டம் முடியிற வரைக்கும் ஆடுதவனுக்குச் சோறு போடுவேன்" என்று சத்தியம் செய்வார்கள்; ஆட்டக்காரர்களும் அதே பானையில் கையை விட்டு, "ஆட்டம் முடியிற வரைக்கும் வேற களத்துல கால் வைக்க மாட்டேன்" என்பார்கள். கையில் எழும்பிய கொப்புளம்தான் சாட்சி. இன்னொரு வழக்கமும் இருந்தது, அதுதான் வம்பை இழுத்தது. ஆட்டத்தில் ஒருத்தனுக்குக் கை கால் ஒடிந்தால், அந்த ஆட்டம் முடிந்த கையோடு அவன் கழுத்தில் ஒரு ரோஜா மாலையைப் போட்டு, மைக்கில் பேரைச் சொல்லிக் கைதட்டி, அண்ணாச்சியின் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்காரவைத்து, டிக்கெட் இல்லாமல் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தோடு சரி. வைத்தியமும் கிடையாது, அடுத்த வருஷம் கூப்பிடவும் மாட்டார்கள். அண்ணாச்சி அதைப் பெரிய மரியாதை என்று மனசார நம்பினார். ஆட்டக்காரர்கள் அதற்கு "மாலை விழுதது" என்று பேர் வைத்திருந்தார்கள், அந்த வார்த்தையைச் சொன்னால் சாப்பிடுகிறவன் கை இலையிலேயே நின்றுபோகும்.

அண்ணாச்சி டீமில் பாடிப் போகிறவன் சிவனணைஞ்சான். எதிர்க்களத்துக்குள் கபடி பாடிக்கொண்டு நுழைந்தானென்றால், கேலரியில் ஒருத்தர் பீடி பற்றவைத்து, இழுத்து, முடித்து, நசுக்கி அணைக்கிற வரைக்கும் மூச்சு விடாமல் பாடுவான். சின்ன வயசில் கோயில் தெப்பக்குளத்தில் யார் அதிகநேரம் முங்கிக் கிடப்பது என்று பந்தயம் கட்டி, அவன் செத்தே போய்விட்டான் என்று ஊர் கூடி அழுத பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினவன். அதெல்லாம் ஒரு காலம். இப்போது முப்பது தாண்டிவிட்டது, தன் முழங்காலில் இன்னும் எத்தனை சீசன் மிச்சம் என்று அவனுக்கே உள்ளுக்குள் தெரியும். அதனாலேயே கேப்டன் நயினார் எல்லா டீம் ஆட்டக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனபோது இவனும் கூடப் போனான். "அடிபட்டவன் எந்திச்சு நடக்கிற வரைக்கும் இங்கயே வச்சு வைத்தியம் பாக்கணும் அண்ணாச்சி, இல்லன்னா நாங்க களத்துல எறங்க மாட்டோம்" என்றார் நயினார். அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் பஸ் கம்பெனி நடத்துதேனா, ஆஸ்பத்திரி நடத்துதேனாவே? போங்க, போயி ஆடுங்க" என்றார்.

மாசி மாசம், வெயில் சாய்கிற நேரம், அரிசி ஆலை டீமோடு ஆட்டம். சிவனணைஞ்சான் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, கபடிகபடிகபடி என்று உள்ளே போனான். இடது மூலையில் தவசிமுத்து நின்றான், போன வருஷம்தான் கல்யாணமான பையன், கணுக்காலைப் பிடித்தால் முதலை பிடித்த மாதிரி. பாய்ந்தான், பிடித்தான், சிவனணைஞ்சான் காலை உதறினான், தவசிமுத்துவின் கால் எலும்பு ஒடிந்த சத்தம் மேல்வரிசை வரைக்கும் கேட்டது. சுற்றி நின்ற ஆறு பேரும் பிடிக்க மறந்து நின்றார்கள். சிவனணைஞ்சான் பாட்டை விடவும் முடியாமல், திரும்பிப் போகவும் மனசில்லாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தபோது, தலைவர் நாற்காலியிலிருந்து அண்ணாச்சி எழுந்து, நல்ல மனசோடுதான், "ஏலே, பூக்கடைக்கு ஆள் அனுப்பு, மாலை கட்டச் சொல்லு" என்று சத்தம் கொடுத்தார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக் கிடந்த தவசிமுத்து அதைக் கேட்டதும் ஓவென்று அழுதான். "வேண்டாம் அண்ணாச்சி, சீக்கிரம் எந்திச்சிருவேன் அண்ணாச்சி, மாலை போட்டுராதிய" என்றான்.

சிவனணைஞ்சான் வாயை மூடினான். மூடிக்கொண்டு களத்தை விட்டு வெளியே நடந்தான், அவன் பின்னால் இரண்டு டீம் ஆட்களும் நடந்தார்கள், கேட்டுக்கு வெளியே போய் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாட்டு மட்டும் அவர்களோடு வரவில்லை. கபடிகபடிகபடி என்று, அவன் விட்ட இடத்திலேயே, அவன் குரலிலேயே, அவன் ஆடின மாதிரியே கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னுமாக, ஆளில்லாத களத்தில் அது பாடிக்கொண்டு நின்றது. கேலரியில் இருந்தவர்கள் கொஞ்சநேரம் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தர், "சரி, அம்பயர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார்.

அம்பயர் தேவசகாயம், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், விசிலை வாயில் வைத்தபடி அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து காது கொடுத்தார். நிமிர்ந்தார். "எங்கயும் மூச்சு எடுக்கல. ஒரே மூச்சுதான்" என்றார். "ஆள் வெளிய போயாச்சு, நெசம். ஆனா கபடியில பாடுதது மூச்சுவே, ஆளு இல்ல. மூச்சு அறாம நான் விசில் ஊத மாட்டேன். ஆட்டம் முடியல." கோயில்பிச்சை அண்ணாச்சி என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தார், டிரில் மாஸ்டர் அசையவில்லை. ஆட்டம் முடியாததால் தவசிமுத்துவுக்கு மாலை விழவில்லை. அவனைக் கட்டிலோடு தூக்கி லீக் மெஸ்ஸில் போட்டு, பெரியாஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து மாவுக்கட்டு போட்டுவிட்டுப் போனார்கள். ஆட்டம் முடியாததால் வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் முதலாளிமாரே மூணு வேளையும் சோறு போட வேண்டியதாயிற்று, பானைக்குள் கையை விட்டுச் சொன்ன வார்த்தையாச்சே! காலையில் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து "முதலாளி ஒழிக" என்பார்கள், மத்தியானம் மணி அடித்ததும் எழுந்து போய் முதலாளி வீட்டுச் சாம்பாரில் உப்பு கம்மி என்பார்கள்.

ஊருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழகிவிட்டது. மைதானத்தில் வத்தல் காயப்போடுகிற பெண்கள் பாட்டு நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு ஆள் நடக்க வழி விட்டுப் பரப்பினார்கள். குறுக்கே போகிறவர்கள் பெரியவருக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கிப் போனார்கள், சிலர் "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று சொல்லியும் போனார்கள். மைதானத்தை ஒட்டியிருந்த டெய்லர் அந்த வேகத்துக்கே மிதித்து மிதித்து, சட்டையெல்லாம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே தைத்துக் கொடுத்தார், அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நடக்காத அதிசயம் அதுதான். இழுப்பு உள்ளவர்கள் சாயந்திரம் பாய் கொண்டுவந்து பக்கத்தில் படுத்துக் கிடந்துவிட்டு நெஞ்சு லேசாகிப் போனார்கள். அம்மன் கோயில் கொடைக்கு வந்த மேளக்காரர்கள் முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு அதற்கு ஏற்றாற்போல் அடித்து, அந்த வருஷம் சாமி வழக்கத்தைவிட சீக்கிரமாகவே வந்து இறங்கியது. ரேடியோக்காரர்கள் பெட்டியோடு வந்து பதிவு செய்தார்கள், போட்டுக் கேட்டால் வெறும் காற்றுச் சத்தம், திட்டிக்கொண்டே போனார்கள். பிரசவமாகி வந்த பெண்களுக்குத்தான் பெரிய நிம்மதி, தாலாட்டே வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டால் பிள்ளை தூங்கிவிடும்.

முதலாளிமார் சும்மா இருப்பார்களா? வெளி ஜில்லாவிலிருந்து புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "ஒரு களத்துல ஒரு நேரத்துல ஒருத்தந்தான் பாடணும், ஒருத்தன் உள்ள பாடிக்கிட்டு இருக்கான்" என்று டிரில் மாஸ்டர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அரிசி ஆலைக்காரர் ஒரு மூட்டை மிளகாய் வத்தலைக் களத்தில் கொட்டிக் கொளுத்தினார், இருமினால் மூச்சு அறுந்துவிடும் என்று கணக்கு. ஊரே மூணு நாள் இருமியது, பாட்டு இருமவில்லை.

சிவனணைஞ்சானுக்குத்தான் நாளுக்கு நாள் கஷ்டம். நெஞ்சில் பாதி அங்கே கிடந்தால் மிச்சம் எத்தனை நாளைக்கு வரும்? மெஸ் மாடிப்படியில் நாலு படிக்கு ஒருதரம் உட்கார்ந்தான். விளையாட்டுக்குக்கூட வாயில் கபடி வரவில்லை. சங்கதி கேள்விப்பட்டு ஊரிலிருந்து ஓடிவந்த பெண்டாட்டி சந்தனக்கனி, அவன் தன் பேரைப் பாதி சொல்லி, நின்று, மூச்சு வாங்கி, மீதி சொன்னதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க மூச்ச அங்க போட்டுட்டு இங்க வந்து ஒக்காந்திருக்கியளே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு எட்டு போயி எடுத்துட்டு வாங்க."

"உள்ள போனா... பாட்டு எங்கிட்ட வந்துரும் புள்ள. வந்துட்டா... ஆட்டத்த முடிக்கணும். முடிஞ்சா, அந்தப் பயலுக்கு... மாலை விழுந்துரும்."

"அவனுக்கு மாலை விழக்கூடாதுன்னு எனக்குத் தாலி அறணுமா?" என்றாள். பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த தவசிமுத்து சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் எலும்பு கோணலாகக் கூடி, திரும்ப உடைத்துக் கட்டியிருந்தார்கள், எழுந்து நடக்க இன்னும் நாளாகும்.

அண்ணாச்சியும் ஒருநாள் வந்தார். ஆளே மெலிந்திருந்தார். பஸ் கம்பெனியில் இருப்புக் கொள்ளாமல் தினமும் சாயந்திரம் காலி கேலரியில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்கிறார் என்று ஊருக்கே தெரியும், அவர் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏலே, நீ மொத மொதல்ல இங்க பாடினது ஞாபகம் இருக்கால? கரண்டு போயி, லைட்டு அணைஞ்சு, இருட்டுல ஒன் சத்தத்த வச்சே எல்லாரும் ஆட்டம் பாத்தோமே" என்றார். சிவனணைஞ்சான் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. "வந்து கோட்டத் தொட்டுருல. ஒனக்கு மட்டும் ஆயுசுக்கும் மாலை விழாது, நான் பாத்துக்கிடுதேன்." சிவனணைஞ்சான் தலையை ஆட்டினான், பேச மூச்சு இல்லை. எனக்கு மட்டும் வேண்டாம் என்கிற அந்த ஆட்டலை அண்ணாச்சி புரிந்துகொண்டு, கோபமாகத்தான் எழுந்து போனார்.

வைகாசியில் ஒரு மத்தியானம் சிவனணைஞ்சான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். செய்தி போய், அண்ணாச்சி பஸ்ஸை அனுப்பினார். "இது காயம் இல்ல, சீக்கு. சீக்காளிய பெண்டாட்டி கையில ஒப்படைச்சு வீட்டுக்கு அனுப்புதது தப்பாவே?" என்று நயினாரிடம் நியாயம் பேசினார். நயினார் பதில் சொல்லுமுன் சந்தனக்கனி, "எனக்கு எம் புருஷன் போதும், நான் கூட்டிட்டுப் போறேன்" என்றுவிட்டாள். யார் என்ன சொல்ல முடியும்? டிரைவர் மாசானம் பழக்கதோஷத்தில் பூக்கடையில் நிறுத்தி ஒரு மாலையையும் வாங்கி வந்திருந்தான். முன்சீட்டில் சிவனணைஞ்சான், மடியில் மாலை, பக்கத்தில் சந்தனக்கனி, பஸ் மைதானத்தைத் தாண்டியது.

அவன் காதுக்குள் தன் பாட்டு கேட்டுக்கொண்டே வந்தது. பஸ் மணிக்கூண்டில் வலதுபக்கம் திரும்பி வெளியூர் ரோட்டைப் பிடித்ததும் அது மெலிந்தது. புளியமரச் சாலை வந்ததும் இன்னும் மெலிந்தது. தூரமாகிப் போவதால் அல்ல, அங்கே களத்திலேயே அது மெலிகிறது என்பது அவன் நெஞ்சுக்குத் தெரிந்தது, விளக்கில் எண்ணெய் தீர்கிற மாதிரி. பின்னால் ஊரில் தையல் மிஷின் நின்றது, பிள்ளைகள் நெளிந்தன, சோற்றைப் பிசைந்தவர்கள் கையைக் கழுவாமல் வாசலுக்கு வந்தார்கள். மைதானத்தில் அரிசி ஆலைக்காரர், அண்ணாச்சியின் தோளைப் பிடித்து, "இந்தா நிக்கப்போவுது அண்ணாச்சி, இந்தா அறப்போவுது, சும்மா மட்டும் இருங்க, ஜெயிச்சிட்டோம்" என்றாராம். சும்மா இருந்தால் போதும். அதைத்தான் அண்ணாச்சியால் செய்ய முடியவில்லை.

பஸ் கண்ணாடியில் சிவனணைஞ்சான் பார்த்தான். வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு இல்லாமல், அந்தத் தொந்தியோடு, கோயில்பிச்சை அண்ணாச்சி நடுரோட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார், அவர் பின்னால் பாதி ஊர். மாசானம் பிரேக் போட்டான். அண்ணாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவனைவிட மோசமாக மூச்சு வாங்கினார்.

"எறங்குல. ஒம் மூச்சு அறுந்துதான் நான் ஜெயிக்கணும்னா அந்தப் பொழப்பு எனக்கு வேண்டாம்ல. என் காதால கேட்டுக்கிட்டு எப்படில இருப்பேன்? எறங்கு."

பஸ் திரும்பியது. மெஸ்ஸில் வடித்து இறக்கின பானையை அப்படியே நடுக்கோட்டுக்குத் தூக்கிவரச் சொன்னார் அண்ணாச்சி. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டார். "அடிபட்டவன் எந்திச்சு நடக்கிற வரைக்கும் அவன் இந்த ஊரு ஆளு. அவனுக்கு வைத்தியமும் சோறும் எங்க கையில. மாலை இனிமே ஜெயிச்சவனுக்குத்தான்" என்றார். மற்ற முதலாளிமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு தங்கள் கையையும் விட்டார்கள், அரிசி ஆலைக்காரர் விரல் நுனியை மட்டும் விட்டதைப் பார்த்து அண்ணாச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நயினார் எழுந்து வேட்டியைத் தட்டினார், வேலைநிறுத்தம் அத்தோடு முடிந்தது.

இனி மூச்சை எடுக்கலாம். அரிசி ஆலை ஆட்கள் ஆறு பேர் அன்றைக்கு நின்ற இடத்திலேயே போய் நின்றார்கள். தவசிமுத்து கேட்கவில்லை, "இது நான் பிடிச்ச பாட்டு" என்று அடம்பிடித்து, மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு இடது மூலையில் மணலில் உட்கார்ந்தான். சிவனணைஞ்சான் சந்தனக்கனியின் தோளை விட்டுவிட்டு, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, தள்ளாடித் தள்ளாடி அந்தப் பாட்டு நிற்கிற இடத்துக்குள் போய் நின்றான். அது அவன் வாய்க்குள் வந்து ஏறியது.

அய்யோ, அதை எப்படிச் சொல்ல! மூணு மாசத்துக்கு முந்தைய மூச்சு அது, குளத்தில் முங்கின பையனுடைய மூச்சு, இருட்டில் ஊருக்கு ஆட்டம் காட்டினவனுடைய மூச்சு, இத்தனை நாள் காற்றில் கிடந்தும் ஒரு துளி சிந்தாமல் நெஞ்சு முழுக்க வந்து நிறைந்தது. இடது மூலையில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த தவசிமுத்துவை ஒரு விரலால் தொட்டுவிட்டு ஓடினால் பாயிண்ட். ஊர் முழுக்க அதைத்தான் எதிர்பார்த்தது. சிவனணைஞ்சான் அவனைச் சுற்றிக்கொண்டு போனான். நிற்கிற ஆறு பேருக்கும் நடுவில் போய், ஒருத்தனைத் தொட்டு, ஒருத்தனைத் தாண்டி, ஆசை தீர, கபடிகபடிகபடி என்று பாடினான், இதற்கு மேல் இன்னொரு தடவை கிடைக்காது என்று தெரிந்தவன் பாடுகிற பாட்டு. கேலரியில் ஆண்கள் வெட்கமில்லாமல் அழுதார்கள். கோட்டுக்குத் திரும்புகையில் இடுப்பில் ஒருத்தன், தோளில் ஒருத்தன், தொடையில் ஒருத்தன் விழுந்தார்கள். இழுத்தான். முழங்கால் உள்ளுக்குள் அறுந்தது. கை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி மணலில் விழுந்தது, பாட்டு நின்றது, டிரில் மாஸ்டர் அழுதுகொண்டே விசில் ஊதினார்.

தேரிமுக்கில் அமைதி. அந்த மூணு மாசத்தில் பிறந்த பிள்ளைகள் அமைதி என்ற ஒன்றைக் கேட்டதே இல்லை, பயந்துபோய் தெருத்தெருவாக, வீட்டுக்கு வீடு வீறிட்டு அழ ஆரம்பித்தன. களத்தில் யாரும் நகரவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது, ஒருத்தனுக்குக் கால் போய்விட்டது. எல்லாரும் அண்ணாச்சி முகத்தையே பார்த்தார்கள். அவர் வந்தார், தோள் துண்டை எடுத்து முழங்காலைக் கட்டினார், தானே கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார், தூக்கி, வெளியே இன்னும் இஞ்சின் ஓடிக்கொண்டு நின்ற அதே பஸ்ஸில், அதே முன்சீட்டில், அந்த மாலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. சந்தனக்கனியும் ஓடி ஏறினதும், அண்ணாச்சி படிக்கட்டில் தொற்றிக்கொண்டு பஸ்ஸைத் தட்டினார்.

பஸ் போனது. சிவனணைஞ்சான் மாசானத்தின் கைகளையே பார்த்துக்கொண்டு போனான். மணிக்கூண்டு வந்தது. மாசானம் இத்தனை வருஷம் செய்ததைத்தான் செய்தான், கையை வெளியே நீட்டிக் காட்டி, ஸ்டியரிங்கை வலதுபக்கம், வெளியூர் ரோட்டுக்கு ஒடித்தான். சந்தனக்கனி புருஷன் கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

படிக்கட்டில் தகரம் அதிர அடி விழுந்தது. "ஏலே மாசானம்! எங்கல போற? ஆஸ்பத்திரிக்கு விடுல, மூதேவி!"

பஸ் நடுரோட்டில் முழித்துக்கொண்டு நின்றது, பின்னால் போனது, ஒரு சைக்கிள்காரன் திட்டினான், பிறகு முக்கி முனகி இடதுபக்கம் திரும்பியது. ஆஸ்பத்திரி ரோட்டில் இறங்கின பிறகுதான் சிவனணைஞ்சான் வாய்விட்டு அழுதான்.

"ரொம்ப வலிக்கால?" என்றார் அண்ணாச்சி, படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து.

"இல்ல அண்ணாச்சி, வலிக்கல" என்றான். வலிக்கத்தான் செய்தது.